‘கதைக்கிறா’ என்று நான் சொன்ன நாள்

விசாரணை அறைகளில் தமிழ் மொழிபெயர்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே உங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள். பிடிபட்டவர் உங்களை அதிகாரியின் ஆள் என்று நினைப்பார். அதிகாரி உங்களைப் பிடிபட்டவரின் ஆள் என்று நினைப்பார். பிடிபட்டவரின் வக்கீலான சொலிசிற்றர், நீங்கள் அவசரத்தில் அரை வசனத்தை விழுங்கிவிட்டீர்கள் என்று நினைப்பார். இதற்காக மனம் நோகாதீர்கள். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை செய்தவள் நான். அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. என்னை யாரும் நம்பியிருக்கக் கூடாத ஒரு வாரம் என் வாழ்க்கையிலும் இருந்தது.

நான் பயிற்சி பெற்று இந்தத் தொழிலுக்கு வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டன் வந்து, ஹவுன்ஸ்லோவில் ஒரு சலவைக் கடைக்கு மேலே குடியிருந்து, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை செய்தேன். ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, உங்களில் தமிழ் தெரிந்தவர் யார், விமான நிலையத்தில் ஒரு மனிதர் அழுதுகொண்டு நிற்கிறார் என்றார். தலையில் கட்டியிருந்த வலையைக் கழற்றிவிட்டுப் போனேன். அகதியாக வந்தவர் அவர். அடுத்த கிழமை இன்னொருவர். அப்படியே தட்டு அடுக்குவது நின்று, இது என் வேலையாகிவிட்டது.

சில வருடங்களில் வேறு மாதிரியான ஆட்களும் வரத் தொடங்கினார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாட்டை விட்டு ஓடிய எங்கள் சனம் நிறையப் பேர் பம்பாயில் சிக்கிக் கிடந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாடு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்ட் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இன்றைக்கு நாளைக்கு என்று லொட்ஜ் அறைகளில் மாதக் கணக்கில் வைத்திருப்பான். அந்த ஏஜென்டுகளில் சிலரைப் போதைப்பொருள் கும்பல்கள் கைக்குள் போட்டுக்கொண்டன. போக்கிடம் இல்லாதவன் எதையும் தூக்கிக்கொண்டு போவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தவமலர் அப்படி வந்தவர்தான். நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்தவர். பம்பாயிலிருந்து காலையில் வந்து இறங்கும் விமானத்தில் வந்தார். அவருடைய சூட்கேசுக்கு இரண்டாவது அடித்தட்டு இருந்தது. அதற்குள் ஹெரோயின் இருந்தது.

அந்த வழக்கின் அதிகாரி வேல்ஸ் பக்கத்து மனிதர். அவர் பெயரை எழுதுவதில்லை என்று நானே முடிவு செய்திருக்கிறேன். உயரமானவர், வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். சிறு வயதில் வீட்டில் வெல்ஷ் பேசியவர் என்பதால், ஒரு சொல்லை மொழிபெயர்க்க நான் திணறினால் அவசரப்படுத்தமாட்டார். இந்த வேலையில் எனக்கு யாராவது எதையாவது கற்றுத் தந்தார்கள் என்றால் அது அவர்தான். அவரிடம் நான் கற்றது, எல்லோரையும் மரியாதையாகச் சந்தேகிப்பது.

முதல் நாள் தவமலர் எதற்கும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது நாள் அதிகாரி கேள்விகளை விட்டுவிட்டு, உங்களுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தவமலர் அழத் தொடங்கினார்.

“உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும் அக்கா. தெரியாதெண்டு சொல்லச் சொல்லித்தான் விட்டவங்கள். எனக்குப் பொய் சொல்ல வருகுதில்லை.”

அதன்பிறகு அரைமணி நேரம் பேசினார். கணவர் இராசதுரையும் பதினாலு வயது மகள் சுகியும் பம்பாயில் அதே லொட்ஜில் இருக்கிறார்கள். ஒருவர் வெளியே போனால் மற்றவர் உள்ளே இருக்க வேண்டும், அதுதான் அங்கே சட்டம். பக்கத்து அறையில் இருந்த ஒருவரை இவருக்கு முன்னால் ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் அங்கே பிடிபட்டு, அனுப்பியவன் பெயரைச் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை அவருடைய தம்பியின் உடலை லொட்ஜ் படியில் போட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சுற்றிக்கொண்டு படியேற வேண்டியிருந்தது என்றார் தவமலர். எல்லோரும் பார்க்கட்டும் என்றே நெடுநேரம் யாரும் எடுக்கவில்லையாம்.

அதிகாரி, லண்டனில் சூட்கேசை வாங்க வரவிருந்தவன் யார் என்று கேட்டார். சொன்னால், உதவி செய்தார் என்று நீதிபதிக்கு மூடிய உறையில் ஒரு கடிதம் எழுதுவேன், தண்டனை பாதியாகக் குறையக்கூடும் என்றார். நான் அதைச் சொன்னதும் தவமலர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாமெண்டு சொல்லுங்கோ அக்கா. குறைஞ்ச தண்டனை கிடைச்சால் அதுவே அவங்களுக்குக் கடிதம். நான் கதைச்சிட்டனெண்டு வருசத்தை எண்ணிப் பாத்தே பிடிச்சிடுவாங்கள்.”

இதை ஆங்கிலத்தில் சொன்னபோது அதிகாரி பெப்பர்மின்ட்டைச் சப்புவதை நிறுத்திவிட்டார். அரசாங்கம் தன்னிடம் இருக்கும் மிகப் பெரிய சலுகையை நீட்டுகிறது. அதைத் தொட்டாலே மகள் செத்துவிடுவாள் என்று இந்தப் பெண் சொல்கிறார். சொலிசிற்றராக வந்திருந்த இளம் பெண்ணும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு வேறு எதுவும் கேட்காமல் விசாரணையை முடித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் வெம்பிளிக்குப் போனேன். அங்கே பரம் அண்ணை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் விமான டிக்கெட்டும் பார்சலும் பார்க்கும் கடை வைத்திருந்தார். ஊருக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம். யாராவது கொழும்புக்குப் போனால் அவர்கள் கையில் மருந்தும் கடிதமும் கொடுத்துவிடுவார். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அறை பிடித்துக் கொடுப்பார். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார். என் அம்மாவின் பிரஷர் மாத்திரைகள் மூன்று வருடமாக அவர் மூலமாகத்தான் போயின. அவரைச் சந்தேகிப்பதை விட என் கூடப்பிறந்த அண்ணனைச் சந்தேகிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாத்திரைப் பொதியை வாங்கிப் பெயர் எழுதிக்கொண்டே, “என்ன தங்கச்சி, இந்தக் கிழமையும் எயார்போட்டோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை.”

“பாவம், அந்த மனிசி எப்பிடி இருக்கிறா?”

“அழுது அழுது கதைக்கிறா. வேறை என்ன செய்யிறது.”

அவ்வளவுதான். பெயரும் சொல்லவில்லை, வழக்கும் சொல்லவில்லை. அவர் பொதியில் நூலைக் கட்டினார். நான் வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

நாலு நாள் கழித்துத் தவமலரைப் பெண்கள் சிறையில் பார்க்கப் போனோம். வழக்கு முடியும்வரை அவரை அங்கேதான் வைத்திருந்தார்கள். அதிகாரி, சொலிசிற்றர், நான் மூவரும் போயிருந்தோம். தவமலர் வந்து உட்காரவில்லை. கதிரைக்குப் பின்னால் நின்றார். கையில் ஒரு போட்டோ. சுகியின் படம். பின்னலைக் காதுக்கு மேலே வைத்து வெட்டியிருந்தார்கள். வெட்டியதை அவளுடைய கையிலேயே பிடிக்க வைத்துப் படம் எடுத்திருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் மச்சான் முறை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பார்க்க வந்தானாம். படத்தைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னானாம்.

“‘நீ கதைக்கிறியாம்’ எண்டான்” என்றார் தவமலர். பிறகு என்னைப் பார்த்தார். “அந்த அறையிலை இருந்ததிலை தமிழ் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான் அக்கா.”

எனக்கு எதிரான குற்றச்சாட்டை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் ஒருநாள் இது வரும். வரும்போது குரலை மாற்றாதீர்கள், ‘அவர் தவறாக நினைக்கிறார்’ என்று முன்னாலோ பின்னாலோ ஒட்டாதீர்கள். தவமலர் சொன்னதை நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நன்றி என்றார். அந்த நன்றி எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே பிக்காடிலி ரயிலில் வீட்டுக்கு வந்தேன். ஆக்டன் ஸ்டேஷன் தாண்டும்போது ‘கதைக்கிறியாம்’ என்ற சொல் திரும்ப வந்தது. யாரோ அவனுக்குச் சொன்ன சொல் அது. ‘ஆம்’ என்று முடிகிறதே. அப்போதுதான் வெம்பிளிக் கடை, மாத்திரைப் பொதி, நூல் எல்லாம் கண்முன்னே வந்தன. பிடிபட்டவர் பெண் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகையிலும் வரவில்லை. பரம் அண்ணை எப்படி ‘அந்த மனிசி’ என்று கேட்டார்?

அழுதுகொண்டே பேசுகிறார் என்ற பொருளில் நான் சொன்னேன். காட்டிக்கொடுக்கிறார் என்ற பொருளில் அவர் எடுத்தார். அந்த ஒரு சொல் வெம்பிளியிலிருந்து பம்பாய்க்குப் போய், பதினாலு வயதுப் பிள்ளையின் பின்னலை அறுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் பயந்த சுபாவம் உள்ளவர் அல்ல, ஆனால் அன்றைக்குக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் பேசினார். “வாயைத் திறக்காதை. போய்ச் சொன்னால் முதலிலை உன்னைத்தான் பிடிச்சு வைப்பாங்கள். எங்கடை கேசே இன்னும் ஹோம் ஆபீசிலை கிடக்கு.” அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்களுக்கு நிரந்தர விசா கிடைக்காத காலம் அது. யாராவது கேட்டால் நினைவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தானே.

விடிந்ததும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். துணிச்சலால் போனேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் போட்டோவை இன்னொரு முறை பார்க்க நேர்ந்தால் என்ன செய்வேன் என்ற பயத்தில் போனேன். சனிக்கிழமை நடந்ததை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் வெம்பிளிக்குப் போன நேரம், எந்தக் கடைக்குள் போனேன், எத்தனை நிமிடம் இருந்தேன், கையில் என்ன பை, எல்லாம் அதில் இருந்தது. வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து என் பின்னால் ஆள் விட்டிருக்கிறார்.

இன்று வராமல் இருந்திருந்தால் நாளை நான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன் என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அதேநேரம் ஒரு ஆறுதலும் வந்தது, அதை மறைக்கமாட்டேன். என்னை மட்டும்தானா பின்தொடர்ந்தீர்கள் என்று கேட்டேன். இல்லை, சொலிசிற்றரையும், என் கீழே வேலை செய்யும் இரண்டு பேரையும் என்றார். அவருக்குப் பின்னால் யார் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு பல முறை நினைத்திருக்கிறேன்.

பரம் அண்ணையை உடனே பிடிக்கலாமே என்றேன். பிடிக்கலாம், பிடித்த செய்தி பம்பாய்க்குப் போக ஒரு தொலைபேசி அழைப்புப் போதும் என்றார். முதலில் அந்த இரண்டு பேரையும் லொட்ஜிலிருந்து எடுக்க வேண்டும். பம்பாயில் உள்ளூர்ப் பொலிசிடம் சொன்னால் அது கும்பலுக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடலாம். அதனால் தில்லியில் தனக்குத் தெரிந்த ஒரு மேலதிகாரி மூலமாக நேரே செய்ய வேண்டும். அதற்குப் பத்து நாள் தேவை. அந்தப் பத்து நாளும் தவமலர் வாயை மூடிவிட்டார் என்று வெம்பிளி நம்பவேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

அது என் வேலை இல்லை என்றேன். மற்றவர்கள் சொல்வதைச் சொல்வதுதான் என் வேலை. நானே பொய் உண்டாக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலையில் சேராது. அவர் வாதாடவில்லை. உண்மை, உங்கள் வேலை இல்லை, முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றார்.

அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது; போகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். தகப்பனும் மகளும் பத்திரமான இடத்துக்கு வந்து சேரும்வரை வெம்பிளியில் யாரையும் தொடக்கூடாது.

“அரசாங்கத்தின் வாக்கை என்னால் தர முடியாது. என்னுடைய வாக்கைத் தருகிறேன்” என்றார்.

அந்த வித்தியாசத்தை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் தன் வாக்கைத் தருகிறாரா, தன்னை வேலைக்கு வைத்திருப்பவர்களின் வாக்கைத் தருகிறாரா என்பது இரண்டு வேறு விசயம்.

அடுத்த நாள் அம்மாவின் மாத்திரையில் ஒன்று விடுபட்டுவிட்டது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு வெம்பிளிக்குப் போனேன். பரம் அண்ணை தேத்தண்ணி போட்டுத் தந்தார். அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டார்.

“அவ வாயைத் திறக்கிறா இல்லை அண்ணை. முழுப் பழியையும் தன்ரை தலையிலை போட்டிட்டா. எனக்கும் அங்கை இனி வேலை இல்லைப் போலை.”

“உண்மையோ தங்கச்சி?”

கோப்பைக்கு மேலாக என்னைப் பார்த்தார். மூன்று வருடம் பார்த்த அதே அன்பான முகம். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பேசும் அதே தட்டையான குரலில், ஓம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பாவம், பெண்பிள்ளை பெத்தவ என்றார். தவமலருக்குப் பிள்ளை இருக்கிறது என்றும் நான் சொல்லியிருக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். கடையில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன். அதிகாரி தில்லிக்குத் தொலைபேசியில் பேசுகிறாரா, பேசுவதாகச் சொல்கிறாரா என்றும் யோசித்தேன். சொலிசிற்றர் தன் பங்குக்குப் பம்பாயில் அகதிகளுக்கு உதவும் ஒரு பாதிரியாரைப் பிடித்திருந்தார். சுகி மத்தியானத்தில் சாப்பாடு வாங்கக் கடைக்கு வருகிறாள், ஆனால் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் தகப்பன் உள்ளே மாட்டிக்கொள்வார், பொறுத்திருக்கிறேன் என்று பாதிரியார் செய்தி அனுப்பினார்.

ஏழாம் நாள் காலை தொலைக்காட்சியைப் போட்டேன். வெம்பிளியில் அந்தக் கடை வாசல் தெரிந்தது. பரம் அண்ணையின் தலையில் ஒரு போர்வை. நான் முன்பின் பார்த்திராத ஒரு பெரிய அதிகாரி ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று, சர்வதேசப் போதைக் கும்பலின் முதுகெலும்பை முறித்துவிட்டோம் என்றார்.

நான் எங்கள் அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தனக்கே காலை ஆறு மணிக்குத்தான் சொன்னார்கள் என்றார். செய்தி வெளியே கசிந்துவிடும் என்று மேலிடம் பயந்ததாம். அந்தக் கிழமை பாராளுமன்றத்தில் போதைப்பொருள் பற்றிய விவாதம் இருந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். இரண்டில் எது காரணம் என்று அவர் சொல்லவில்லை. தனக்கு முன்பே தெரியாது என்றார். நான் அதை நம்புகிறேன், பெரும்பாலான நாட்களில்.

வாசலில் நின்ற கமராக்காரர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் பம்பாய்க்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் சுகி சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தாள். கைதுச் செய்தி கேட்டதும் பாதிரியாரின் ஆள் வீதியிலேயே அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இராசதுரையை இரண்டு நாள் கழித்து ரயில் பாதை ஓரத்தில் கண்டெடுத்தார்கள். அவர் எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்குத் தேவையில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் சென்னையில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்ந்துவிட்டாள் என்று உறுதியானதும் தவமலர் எல்லாவற்றையும் சொன்னார். பரம் அண்ணைக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. அவருக்கு மேலே இருந்தவர்கள் என்று தவமலர் சொன்ன மூன்று பேரை எந்த நாட்டிலும் யாரும் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆறு மாதம் போவதற்குள் தவமலர் மாதிரியே இன்னொரு பெண், அதே மாதிரி ஒரு சூட்கேசுடன் வந்தார். அவருக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். அந்தச் சூட்கேசை வாங்க, பிடிபடாமல் மிச்சமிருந்தவர்களில் ஒருவன் காத்திருந்தான். தவமலர் தண்டனையை முடித்து, நாடு கடத்தப்பட்டு, மகளிடம் போனார். மகளுக்குக் கலியாணம் நடந்தபோது எனக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது. போவதற்கு எனக்கு முகம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், போதைக் கும்பல்களின் வன்முறையை அரசாங்கம் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று ஆலோசிக்க ஒரு குழு வைத்தார்கள். களத்தில் வேலை செய்தவர்கள் என்று சிலரைக் கூப்பிட்டார்கள்; நானும் போனேன். போதைப்பொருளைச் சுமந்து வருபவர்களுக்குத் தண்டனையை இன்னும் கூட்டவேண்டும் என்று ஒருவர் பேசினார். என் முறை வந்தபோது நான் சொன்னேன்: நான் பார்த்த ஆட்களில் நீதிபதிக்கு அதிகம் பயந்தவர் ஒருவரும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் அதைவிடப் பயங்கரமான ஒருவன் நின்றான். நீங்கள் எத்தனை வருடம் கூட்டினாலும் அவன் கூட்டுவது அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒருவரிடம் ‘சொல்லு’ என்று கேட்பதற்கு முன்னால், அவர் சொன்னால் யார் சாவார்கள் என்று கேளுங்கள். அந்த ஆட்களை முதலில் வெளியே எடுங்கள். விசா, சட்டம், செலவு என்று அதற்கு ஆயிரம் தடை இருக்கும், தெரியும். எடுக்க முடியாவிட்டால் கேட்காதீர்கள். எடுத்து முடியும்வரை கமராவைக் கூப்பிடாதீர்கள். எத்தனை பேரைப் பிடித்தோம் என்று எழுதும் தாளிலேயே, அதனால் எத்தனை பேரை இழந்தோம் என்றும் எழுதுங்கள்.

தலைவர் நன்றி சொன்னார். நான் பேசும்போது குறிப்பெடுத்தவரின் பேனா அசைந்ததா என்று கவனித்தேன். பாதி நேரம் அசைந்தது.

அந்தக் குழுவிடம் நான் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது பயன்படாது.

இராசதுரையின் செய்தியைத் தவமலரிடம் சொல்ல அதிகாரியும் நானும்தான் சிறைக்குப் போனோம். உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவரைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். சின்ன அறை, உயரத்தில் ஒரு ஜன்னல், பகல் வெளிச்சம். அவர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார், நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலில் சொன்னோம். பிறகு மற்றதைச் சொன்னோம்.

தவமலர் கத்தவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

“இது என்ரை வாயாலை வந்ததோ, உங்கடை வாயாலை வந்ததோ?”

என்னைத்தான் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெம்பிளியில் நான் சொன்ன சொல்லைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவராகவே ஊகித்திருந்தார். அதிகாரி, என்ன கேட்கிறார் என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், என் வாயிலிருந்தா உங்கள் வாயிலிருந்தா என்று. நான் அவரைப் பார்த்துச் சொன்னதால் ‘உங்கள்’ என்பது யாரை என்று தெரியவில்லை. அவர் அதைத் தன்னிடம் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டார். அவர் கண் சிவந்திருந்தது.

எங்களுடைய வாயிலிருந்து என்று சொல்லுங்கள் என்றார்.

நான் தவமலரிடம் திரும்பி, “எங்கடை வாயாலை” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ‘எங்கடை’ என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்லலாம், சேர்க்காமலும் சொல்லலாம். அவர் எப்படி எடுத்தார் என்று முகத்தில் தேடினேன். தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து கொன்றோம் என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு இந்தப் பெண் மிச்சக் காலம் முழுதும் வாழப்போகிறாரோ என்று பயமாக இருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு சொல்லையும் கூட்டக்கூடாது. ஒலிப்பதிவு நாடா சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் கூட்டக்கூடாது. உங்களில் யாராவது கூட்டினால் உங்களை நீக்கச் சொல்லி முதல் கையெழுத்து நான் வைப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் கூட்டியது ஒருமுறைதான்.

“உங்கடை வாயாலை இல்லைப் பிள்ளை” என்றேன். “என்ரை.”

அதிகாரி, இப்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் திரும்பச் சொன்னேன் என்றேன். அவர் நம்பவில்லை.